காலையில விரல் மடங்கல, இது அம்மாவோட முட்டி வலி இல்ல

ஜூன் 12, 2024. மும்பை முலுண்ட்லேர்ந்து ஒருத்தங்க கேட்டது

எனக்கு 36 வயசு. மூணு மாசமா காலையில எந்திரிச்சா ரெண்டு கை விரலும் மடங்க மாட்டேங்குது, பத்து மணி வாக்குல தான் சரியாகுது. மோதிரம் கழட்ட வரல. பக்கத்து கிளினிக்ல வலி மாத்திரை குடுத்தாங்க, போட்டா அன்னைக்கு மட்டும் தேவலை. ஆர்ஏ ஃபேக்டர்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். அதனால ஆர்த்ரைடிஸ் இல்லைன்னு சொல்லிட்டாங்க. மாமியார் வாதம்னு சொல்றாங்க, தக்காளி கத்திரிக்காய் உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. இந்த வயசுல ஆர்த்ரைடிஸ் வருமா? இல்ல நான் தான் ஓவரா யோசிக்கிறேனா?

ஜூன் 12, ராத்திரி 11:20

வரும். எனக்கு 41ல வந்துச்சு. 36 எல்லாம் சின்ன வயசு இல்ல இந்த வியாதிக்கு, குழந்தைங்களுக்கே கூட ஆர்த்ரைடிஸ் இருக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஆர்த்ரைடிஸ்ங்கிறது ஒரு வியாதியோட பேர் இல்ல, நூத்துக்கு மேல வகை இருக்கு. நம்ம வீட்ல மூட்டுல எது வலிச்சாலும் "வாதம்"னு ஒரே பையில போட்டு கட்டிடறோம். நானும் அப்படித்தான் கட்டினேன். தாராவியில எங்கம்மாவுக்கு முட்டி வலி, எனக்கு விரல் வலி, சரி அம்மா வழி வந்துருச்சுன்னு அவங்க தேய்க்கிற தைலத்தையே நானும் தேய்ச்சேன். 2013 மார்ச்சுல ஆரம்பிச்சது, சரியான டாக்டர்கிட்ட போனது 2014 மே. பதினாலு மாசம். அந்த பதினாலு மாசத்துல வலது கை நடுவிரல் மூட்டு எலும்பு ஓரம் அரிச்சுப்போச்சு, எக்ஸ்ரேல எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி தெரியும். அது திரும்ப வளராது. உங்களுக்கு மூணு மாசம் தானே ஆகுது, அதான் தூங்கப் போற நேரத்துல உக்காந்து டைப் பண்றேன்.

நீங்க எழுதினதுல எனக்கு காதுல மணி அடிச்ச இடம் "பத்து மணி வாக்குல தான் சரியாகுது". எங்கம்மாவுக்கும் காலையில முட்டி பிடிச்சிருக்கும், ஆனா நாலு நடை நடந்தா பத்து இருபது நிமிஷத்துல விட்டுடும், அப்புறம் நடக்க நடக்க சாயங்காலம் தான் வலி ஜாஸ்தி. அது தேய்மானம். எனக்கு உல்ட்டா. எந்திரிச்ச உடனே கை சிமெண்ட் போட்ட மாதிரி, ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் போனா தான் இளகும், சும்மா உக்காந்திருந்தா திரும்ப இறுகும், வேலை செஞ்சா கொஞ்சம் தேவலை. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி. விரல் நுனி மூட்டுல இல்ல, முஷ்டி மடக்கினா மேடா தெரியுமே அந்த மூட்டுலயும் நடு மூட்டுலயும். இதுக்கு தான் ருமட்டாய்ட், தமிழ்ல முடக்கு வாதம்னு போடறாங்க. நம்ம உடம்போட காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற கதை, மூட்டைச் சுத்தி இருக்கிற சவ்வைத் தாக்குறான், அது வீங்கி குருத்தெலும்பையும் எலும்பையும் தின்னுது. பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட ரெண்டு மூணு மடங்கு ஜாஸ்தி.

எனக்கு முதல்ல தெரிஞ்சது காபி ஃபில்டர்ல. ராத்திரி டிகாஷன் போட்டு வெச்ச பித்தளை ஃபில்டர், காலைல மேல் பாத்திரத்தைத் திருகி எடுக்கணும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் போட்டு பிடிச்சா பிடியே இல்ல. ஃபில்டர் சூடாகி இறுகிடுச்சுன்னு நினைச்சு புடவைத் தலைப்பை சுத்தித் திருகினேன், அப்புறம் என் வீட்டுக்காரர் வந்து ஒரே திருகுல எடுத்துட்டார். இறுகினது ஃபில்டர் இல்ல.

ஜூன் 13, காலை 6:45

ராத்திரி முக்கியமானதை விட்டுட்டேன். ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. ருமட்டாய்ட் இருக்கிற நிறைய பேருக்கு அது நெகட்டிவ்வா இருக்கும், ஒண்ணுமே இல்லாத ஆளுக்கு பாஸிட்டிவ்வாவும் வரும். ஆன்டி சிசிபின்னு இன்னொரு டெஸ்ட், கூட உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ஈஎஸ்ஆர், சிஆர்பி. இதெல்லாம் பாத்தும் கடைசியில டாக்டர் கையால மூட்டை அமுக்கிப் பாத்து தான் சொல்லணும். எலும்பு டாக்டர் இல்ல, ருமட்டாலஜிஸ்ட், அதாவது இந்த மாதிரி மூட்டு வியாதிக்குன்னே இருக்கிற டாக்டர். எலும்பு டாக்டர்கிட்ட நான் மூணு பேரைப் பாத்தேன், மூணு பேரும் கால்சியம் எழுதினாங்க.

ஜூன் 13, காலை 7:02, ட்ரெயின்ல

செம்பூர் லேடீஸ் டப்பால ஒரு கைப்பிடி தான் கிடைச்சுது, ஒரு கட்டை விரல்ல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிக்க வேண்டாம், படிச்சுக்கோங்க.

வலி எப்படி இருக்குன்னு டாக்டர் கேப்பாங்க. இங்க ஹிந்தியிலயோ மராத்தியிலயோ கேப்பாங்க, "தர்த் கைஸா ஹை". அங்க தான் நான் முழிச்சேன். நமக்கு கடுக்குது, குடையுது, குத்துது, உளையுது, இழுக்குதுன்னு ஒவ்வொண்ணும் வேற வேற. ராத்திரி கால் உளைச்சல் வேற, குளிர்ல முட்டிக்குள்ள குடையறது வேற. ஹிந்தியில எனக்குத் தெரிஞ்சது "பஹுத் தர்த்" மட்டும் தான். அதனால வலியை விட்டுட்டு வேலையைச் சொல்லுங்க. பிளவுஸ் ஹூக் போட முடியல, தோசைக்கல் தூக்க முடியல, சேஃப்டி பின் திறக்க முடியல, எத்தனை மணிக்கு கை இளகுதுன்னு சொல்லுங்க. ரெண்டு வாரம் தினம் அந்த மணியை காலண்டர்ல குறிச்சுட்டு போங்க. எனக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டை விட அந்த காலண்டர் ஷீட் தான் டாக்டருக்கு பிடிச்சது.

வடாலா ஸ்டேஷன் வந்துருச்சு.

ஜூன் 15, சனி

என் ருமட்டாய்டுக்கு நான் போடற மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட். அது கேன்சர் மருந்து தானே, அதைப் போய் போட்டுக்கறீங்களேன்னு ஒரு சார் கேட்டிருக்கார். ஆமா சார், கேன்சருக்குத்தான் முதல்ல வந்துச்சு, 1940கள் கடைசியில. அங்க குடுக்கிற அளவு வேற, இங்க வேற. ருமட்டாய்டுக்கு அமெரிக்காவுல 1988ல அனுமதி குடுத்தாங்க, இப்ப உலகம் பூரா முதல்ல எழுதுறது இதைத்தான். வாரத்துக்கு ஒரு தடவை. நான் 15 மில்லிகிராம், 2.5 மாத்திரை ஆறு, மஞ்சளா கடுகு சைஸுக்கு கொஞ்சம் பெரிசு. விலையும் ஒண்ணும் இல்ல, ஒரு அட்டை வாங்குற காசுக்கு நாலஞ்சு வடாபாவ் வரும்.

வாரத்துக்கு ஒரு தடவை. திரும்ப எழுதறேன் ஏன்னா இதுல தப்பு பண்ணா உயிர் போற விஷயம். தினமும் போட்டா வாய் பூரா புண்ணு வரும், ரத்த அணு இறங்கிடும், ஆள் போன கதை எல்லாம் உண்டு. நமக்கு மாத்திரைன்னாலே காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு பழக்கம், மெடிக்கல் ஷாப் பையனும் கவர் மேல பழக்க தோஷத்துல 1-0-1னு எழுதிடுவான். எனக்கே ஒரு தடவை எழுதினான். அன்னைக்கு நான் புது ஆளா இருந்திருந்தா? அதனால எந்தக் கிழமைன்னு டாக்டரையே சீட்டுல எழுதச் சொல்லுங்க. எனக்கு சனிக்கிழமை. மத்தவங்க சனி பகவானுக்கு எள்ளு விளக்கு போடறாங்க, நான் ஆறு மஞ்சள் மாத்திரை போடறேன்.

முதல்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி தான் வெச்சிருந்தேன், திங்கக்கிழமை ஆபீஸ்ல தலை சுத்தி, குமட்டி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலே ஓடணும் போல. சனிக்கு மாத்தினதும் ஞாயிறு படுத்து எந்திரிச்சு திங்கள் தெளிவு.

உடனே கேக்காது இது. ஆறு வாரம், எட்டு வாரம், சில பேருக்கு மூணு மாசம் கூட ஆகும். நடுவுல "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல"ன்னு நிறுத்துற ஆளுங்க தான் பாதி. ஃபோலிக் ஆசிட் கூடவே போடணும். ரத்தத்துல அணு எண்ணிக்கை, லிவர், கிட்னி, மாசாமாசம் ஆரம்பத்துல, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. தண்ணி அடிக்கிற பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, லிவர் காட்டிக்குடுத்துடும்.

ஜூன் 16

நேத்து "ஃபோலிக் ஆசிட் கூடவே"ன்னு எழுதினேன், ஒருத்தங்க அதே நாள் அதே வேளையான்னு கேட்டாங்க. தப்பா எழுதிட்டேன். என் டாக்டர் சொன்னது வேற நாள், நான் திங்கக்கிழமை போடறேன். உங்க சீட்டுல என்ன இருக்கோ அதைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க.

ஜூன் 22, சனி

அம்மா கதை கேட்டீங்க.

அவங்களுக்கு 76. தேய்மானம், ரெண்டு முட்டியும். தேய்மானம்னா டயர் தேயற மாதிரின்னு சொல்றோம், ஆனா அது பாதி தான் சரி, குருத்தெலும்பு மட்டும் இல்ல, அடியில எலும்பு, சவ்வு, சுத்தி இருக்கிற தசை எல்லாம் மாறுது. தசை முக்கியம். தொடை முன்பக்கத் தசை வலுவா இருந்தா முட்டிக்கு வர்ற பாரத்துல கொஞ்சம் அது வாங்கிக்கும், இல்லைன்னா எல்லாம் முட்டி தலையில. பிசியோ பொண்ணு ஒண்ணு சொல்லிக்குடுத்துச்சு, நாற்காலியில உக்காந்து காலை நீட்டி பத்து எண்ணி இறக்கணும், முட்டிக்கு அடியில துண்டை சுருட்டி வெச்சு அமுக்கணும், அவ்வளவு தான். அம்மா "ஏளா, காலை ஆட்டுனா முட்டி சரியாயிருமா, உங்க டாக்டரு பொழைக்கத் தெரிஞ்சவரு"ன்னு சிரிச்சாங்க. நான் தினம் சீரியல் விளம்பரத்துல செய்யணும்னு ரூல் போட்டேன். சீரியல்ல விளம்பரம் தானே ஜாஸ்தி, நல்லாவே தேறிட்டாங்க.

எடை அடுத்தது. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல சுமார் நாலு கிலோ பாரம் குறையுதுன்னு ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2005ல வந்தது. அம்மா ரெண்டு வருஷத்துல அஞ்சு கிலோ இறக்கினாங்க. சாயங்கால பஜ்ஜியை விட்டதுல வந்தது தான் அது, வேற வித்தை இல்ல.

ஆனா செம்பூர் செட்டா நகர்ல திருச்செம்பூர் முருகன் கோயிலுக்கு 108 படி. அம்மாவுக்கு அதான் அளவுகோல். போன வருஷம் கிருத்திகைக்கு முப்பதாவது படியில உக்காந்துட்டாங்க. இந்த வருஷம் தைப்பூசத்துக்கு நின்னு நின்னு ஏறிட்டாங்க. ஏறினதுல ஒரு விஷயம் கத்துக்கிட்டோம், ஏறறதுக்கு நல்ல கால் முதல்ல, இறங்குறதுக்கு வலிக்கிற கால் முதல்ல, கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர் கையில. இதை யாரும் சொல்லித்தராம நாலு வருஷம் வலிக்கிற பக்கமே தடியைப் பிடிச்சுக்கிட்டு போனாங்க.

ஆபரேஷனா? பேசி வெச்சிருக்கோம், அவங்க ஒத்துக்கல. வாஜ்பாய்க்கு பண்ணலையான்னு நான் கேப்பேன். 2000 அக்டோபர்ல இதே மும்பையில ப்ரீச் கேண்டி ஆஸ்பத்திரியில ஒரு முட்டி, அடுத்த வருஷம் இன்னொண்ணு, நியூயார்க்லேர்ந்து டாக்டர் ராணாவத் வந்து பண்ணார், அப்ப பேப்பர் பூரா முட்டி படம். "அவரு பிரதமரு, விழுந்தா தூக்க நாலு பேரு இருக்காவ"ங்கிறாங்க அம்மா. 2017 ஆகஸ்ட்ல முட்டி இம்ப்ளான்ட் விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு போட்டுச்சு, ஜாஸ்தி போடுற கோபால்ட் குரோமியம் வகைக்கு ₹54,720, வரி தனி. அது முட்டிக்குள்ள வைக்கிற சாமானுக்கு மட்டும், ரூம், டாக்டர், தியேட்டர் பில் எல்லாம் வேற. விலை குறைஞ்சிருச்சுன்னு நினைச்சு ஒரு ஆஸ்பத்திரியில எஸ்டிமேட் வாங்கினப்ப சாமான் விலை இறங்கியிருந்தது, மத்த செலவு எல்லாம் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

ஜூலை 8, திங்கள்

ராத்திரி ஒரு மணிலேர்ந்து காலை ஏழு மணிக்குள்ள சில இடத்துல 300 மில்லிமீட்டர் கொட்டியிருக்கு. லோக்கல் ட்ரெயின் தடுமாறுது, ஆபீஸ் இல்ல. கை நேத்து சாயங்காலமே சொல்லிடுச்சு.

மழைக்கும் மூட்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு என் டாக்டரே முன்னாடி சொல்லுவார். இங்கிலாந்துல மான்செஸ்டர் யூனிவர்சிட்டிக்காரங்க ரெண்டாயிரத்து சொச்சம் பேருக்கு மொபைல்ல தினம் வலியைக் குறிக்கச் சொல்லி, அந்த ஊர் வானிலையோட ஒட்டிப் பாத்து 2019ல போட்டாங்க. ஈரப்பதம் ஜாஸ்தி, காத்தழுத்தம் கம்மி, காத்து ஜாஸ்தி, இப்படி நாள்ல வலி கொஞ்சம் கூடுது. கொஞ்சம் தான். ஆனா வியாதியை மழை வளக்குறது இல்ல, அன்னைக்கு வலியை மட்டும் கூட்டுது. நான் வெந்நீர்ல கல்லுப்பு போட்டு பத்து நிமிஷம் கை வைப்பேன். கல்லுப்பு இல்லாம வெச்சாலும் அதே சுகம் தான், செஞ்சு பாத்துட்டேன், ஆனா போடறேன்.

ஜூலை 9

சொடக்கு எடுத்தா மூட்டு தேயுமான்னு கேள்வி. தேயாது. அமெரிக்காவுல டொனால்ட் அங்கர்னு ஒரு டாக்டர், அம்மா திட்டினதுக்காக இடது கையில மட்டும் அறுபது வருஷத்துக்கு மேல தினம் சொடக்கு எடுத்து, வலது கையை சும்மா விட்டு, கடைசியில ரெண்டு கையையும் ஒப்பிட்டுப் பாத்தார். ரெண்டுலயும் ஆர்த்ரைடிஸ் இல்ல. 2009ல அதுக்கு இக் நோபல்னு ஒரு கிண்டல் பரிசு குடுத்தாங்க. ஒரே ஆள் தான், இருந்தாலும் பிடிவாதத்துக்கு குடுக்கலாம்.

எங்க ஆச்சி பேரப்பிள்ளைங்க முகத்தை வழிச்சு தன் நெத்திப்பொட்டுல வெச்சு நெட்டி முறிப்பாங்க, பத்து விரலும் படபடன்னு. எத்தனை நெட்டி விழுதோ அவ்வளவு கண்ணு பட்டிருக்குன்னு கணக்கு. எனக்கு இப்ப அது வராது. பேத்திக்கு சுத்திப் போடறப்ப வாயால தான் சத்தம் குடுக்கறேன்.

ஜூலை 20

பொடி விஷயம். எழுதக் கூடாதுன்னு இருந்தேன், ஆனா மேல ஒருத்தர் "மூணே நாள்ல வலி போச்சு, பக்கவிளைவே இல்ல"ன்னு ஒரு பொடியை சிபாரிசு பண்ணியிருக்கார்.

2013 தீபாவளிக்கு முன்னாடி எனக்கும் ஒரு இடத்துல பொட்டலம் பொட்டலமா குடுத்தாங்க. பேர் ஊர் வேண்டாம். மூணாம் நாள் நான் ரெண்டு கையாலயும் மாவு பிசைஞ்சு அதிரசம் சுட்டேன், அழுதுட்டேன் சந்தோஷத்துல. ரெண்டு மாசத்துல முகம் உருண்டையாச்சு, எல்லாரும் "தெளிஞ்சுட்ட"ன்னாங்க. சர்க்கரை ஏறிச்சு. பொட்டலம் தீர்ந்து ஒரு வாரம் வாங்கப் போகல, எந்திரிக்கவே முடியல, வாந்தி, மயக்கம். ஆஸ்பத்திரியில பாத்த உடனே கேட்டாங்க, என்ன ஸ்டீராய்டு சாப்பிடறீங்கன்னு. பொடியில அது கலந்திருந்தா அட்டையில எழுதியா வெப்பாங்க? ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்துட்டு திடீர்னு நிறுத்தினா உடம்பு தானா சுரக்கிறதை மறந்திருக்கும், அதனால தான் அந்த மயக்கம்.

இதுல வேடிக்கை என்னன்னா ஸ்டீராய்டு கண்டுபிடிச்ச புதுசுல உலகமே என் அதிரச நாள் மாதிரி தான் ஆடிச்சு. 1948 செப்டம்பர்ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ஹென்ச்ங்கிற டாக்டர், ருமட்டாய்டுல முடங்கிக் கிடந்த ஒரு பொண்ணுக்கு கார்ட்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாள்ல எந்திரிச்சு நடந்துச்சு. 1950ல நோபல் பரிசு. பக்கவிளைவு எல்லாம் பின்னாடி தான் புரிஞ்சது.

ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்லல. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் பாலம் மாதிரி எனக்கும் குறைஞ்ச அளவுல டாக்டர் குடுத்தார், அப்புறம் படிப்படியா இறக்கினார். என்ன சாப்பிடறோம் எவ்வளவு சாப்பிடறோம்னு தெரிஞ்சு சாப்பிடறது வேற.

ஆகஸ்ட் 4

சாப்பாடு. போன வருஷம் வரைக்கும் யாராவது தக்காளின்னா சண்டைக்குப் போவேன். இப்ப கொஞ்சம் இறங்கி வர்றேன்.

தக்காளி, கத்திரிக்காய், உருளை நிறுத்தினா ருமட்டாய்ட் போயிடும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. நிறுத்தி நாலு மாசம் புளித்தண்ணி ரசத்துல பொழைச்சவ நான், வீக்கம் அப்படியே இருந்தது. புளியையும் நிறுத்துன்னாங்க, அப்ப நான் தமிழச்சியா இருந்து என்ன பிரயோஜனம். ஆனா ஒருத்தருக்கு ஒரு பொருள் ஒத்துக்கலைன்னு பட்டா ரெண்டு வாரம் விட்டுப் பாத்து, திரும்ப சாப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணட்டும், அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. நஷ்டம் எங்கன்னா அதைப் பண்றேன்னு மருந்தைத் தள்ளிப் போடறதுல.

சாப்பாட்டுல நேரடியா விளையாடற ஆர்த்ரைடிஸ் ஒண்ணு இருக்கு, கவுட். யூரிக் ஆசிட் உப்பா மூட்டுல படியும், பாதி ராத்திரியில கால் கட்டை விரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டா கூட உயிர் போகும். பீர், ஈரல், ஆட்டுக் குடல், சர்க்கரை போட்ட கூல்டிரிங்க் இதெல்லாம் அங்க தான் வம்பு. என் மச்சினர் ஞாயிறு ஈரல் வறுவல், திங்கள் கால் மேல கால் போட முடியாது. அவருக்கு சொன்ன பத்தியத்தை எனக்கும் சொல்லிட்டாங்க, ஒரே பைன்னு சொன்னேனே.

முடக்கத்தான் தோசை? சாப்பிடறேன். தாராவி 90 அடி ரோடு பக்கம் போறப்ப கீரைக்காரம்மாகிட்ட கிடைச்சா வாங்கி, அரிசியோட அரைச்சு, கல்லுல மெல்லிசா ஊத்தி, மிளகு தூவி. லேசா கசக்கும், பச்சை வாசனை. பிரண்டைத் துவையலும். வலிக்கு இல்ல, ருசிக்கு. அம்மா வலிக்குன்னு நினைச்சு சாப்பிடறாங்க, தட்டு என்னமோ ஒண்ணு தான்.

ஆகஸ்ட் 25

கேள்வி கேட்ட முலுண்ட் தங்கச்சி எழுதியிருக்காங்க. ஆன்டி சிசிபி பாஸிட்டிவ், நல்லா உயரவே. ருமட்டாய்ட்னு சொல்லிட்டாங்களாம். ராத்திரி பூரா அழுதேன்னு எழுதியிருக்கீங்க. அழுங்க. நானும் அழுதேன், ஆனா பாதி நிம்மதியில, அந்த பதினாலு மாசமும் சோம்பேறின்னு கேட்ட காதுக்கு ஒரு பேர் கிடைச்சுதேன்னு.

ரெண்டாவது குழந்தைக்கு யோசிக்கறோம்னு போகிற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க. அதைத்தான் டாக்டர்கிட்ட முதல் வரியா சொல்லணும். மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்துல கூடவே கூடாது, குழந்தையைப் பாதிக்கும், பிளான் இருந்தா முன்கூட்டியே நிறுத்தணும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் மாதிரி கர்ப்பத்துலயும் குடுக்கக்கூடிய மருந்துங்க இருக்கு, அவர் மாத்திக் குடுப்பார். மாமியார் முன்னாடி கேக்க கூச்சமா இருந்தா தனியா போங்க.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்னா கண் பரிசோதனை, ஆரம்பத்துல ஒண்ணு, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம், விழித்திரைக்காக. 2020 ஞாபகம் இருக்கா, கொரோனாவுக்கு இது தான் மருந்துன்னு ஒரு அலை வந்து, மார்ச் கடைசியில அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தி, சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு. அதுக்குள்ள கடை எல்லாம் காலி. வருஷக்கணக்கா சாப்பிடற நாங்க லாக்டவுன்ல செம்பூர் பூரா ஒரு அட்டைக்கு அலைஞ்சோம். ஏழு கடை. எட்டாவது கடைக்காரர் எனக்குன்னே ரெண்டு அட்டை எடுத்து வெச்சிருந்தார்.

செப்டம்பர் 15

ஒருத்தங்க, காய்ச்சல் வந்து போய் ஒரு மாசமா கணுக்காலும் மணிக்கட்டும் வீங்கியிருக்கு, அக்கா சொன்ன மாதிரியே காலைல இறுகுது, எனக்கும் ருமட்டாய்ட் தானேன்னு கேட்டிருக்காங்க. இருங்க இருங்க. நான் சொன்ன அடையாளத்தை வெச்சு எல்லாரும் முத்திரை குத்திக்காதீங்க, இது என் தப்பு தான், முதல் குறிப்புலயே எழுதியிருக்கணும். காய்ச்சலோட ஆரம்பிச்சா முதல்ல சிக்குன்குனியா பாக்கணும், இந்த வருஷம் மகாராஷ்டிராவுல ஜாஸ்தியா இருக்கு. ருமட்டாய்ட் மாதிரியே நடிக்கும், சில பேருக்கு மாசக்கணக்குல இழுக்கும். 1952ல தான்சானியா பக்கம் கண்டுபிடிச்சது, அந்த ஊர் மக்கோண்டே பாஷையில அந்தப் பேருக்கு வளைஞ்சு போறதுன்னு அர்த்தம். 2006ல நம்ம ஊர்ப்பக்கம் வந்தப்ப திருநெல்வேலியில எங்க சித்தப்பா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு தான் நடந்தார்.

அக்டோபர் 12, சனி

இன்னைக்கு உலக ஆர்த்ரைடிஸ் தினமாம், விஜயதசமியும் கூட, என் மாத்திரைக் கிழமையும் கூட. நேத்து ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வெச்சார், நான் மாத்திரை டப்பாவுக்கும், ஜாடி மூடி திறக்கிற ரப்பர் பிடிக்கும், நீளக் கைப்பிடி போட்ட கரண்டிக்கும் வெச்சேன். ஆயுதம் தானே.

நவம்பர் 17

ஒண்ணு ஒத்துக்கறேன். இவ்வளவு உபதேசம் பண்ற நான் 2018ல எல்லாத்தையும் நானே நிறுத்தினேன். ரெண்டு வருஷம் வலியே இல்ல, சிஆர்பி நார்மல், அப்புறம் எதுக்கு லிவருக்கு வேலை குடுக்கணும்னு ஒரு வாட்ஸப் வீடியோ பாத்துட்டு. டாக்டர்கிட்ட சொல்லல. ரெண்டு மாசம் ஒண்ணும் ஆகல, பாத்தீங்களான்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். மூணாவது மாசம் பாதம். காலைல தரையில கால் வெச்சா கோலிக்குண்டு மேல நிக்கிற மாதிரி. மெட்டி சதையில பதிஞ்சு, சோப்பு போட்டு நூல் சுத்தி கழட்டினோம். திரும்ப ஆரம்பிச்சு பழைய நிலைக்கு வர எட்டு மாசம். வலி இல்லாம இருந்ததே மாத்திரையால தான்னு அப்ப புரியல, சைலண்ட்டா வேலை பாக்கிற ஆளை வேலையே இல்லைன்னு அனுப்பின கதை.

குறைக்கலாம், நிறுத்த முடியுமான்னு பாக்கலாம், ஆனா டாக்டர் கூட சேந்து கொஞ்சம் கொஞ்சமா. இப்ப நான் 10க்கு இறங்கியிருக்கேன், நாலு மாத்திரை.

முலுண்ட் தங்கச்சி, பயோலாஜிக் ஊசி, அதான் எதிர்ப்பு சக்தியைக் குறிவெச்சு அடக்குற ஊசி, அதைப் பத்தி கேட்டிருந்தீங்க, அது இப்பவே உங்களுக்கு எதுக்கு? மாத்திரை கேக்கலைன்னா அடுத்த படி அது. அதுக்கு முன்னாடி டிபி இருக்கான்னு பாத்தே ஆகணும், உள்ள தூங்குற டிபியை எழுப்பி விடும். நம்ம ஊர்ல அதை விட்டுட்டு யாராவது ஊசி போடறேன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

டிசம்பர் 21, சனி

தங்கச்சி எழுதியிருக்காங்க, ஒன்பது மணிக்கு முன்னாடியே கை இளகிடுதாம். காலண்டர்ல குறிச்சுக்கிட்டே இருங்க.

மோதிரத்துக்கு என்ன பண்ணீங்கன்னு அன்னைக்கே கேட்டாங்க, நான் பதில் சொல்லல. 2013ல என் கல்யாண மோதிரம் விரல்ல சிக்கி விரல் நீலமாச்சு. மாட்டுங்கால ஒரு நகைக்கடைக்கு ஓடினோம். கடைக்கார பெரியவர் மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவுல தகடு ஒண்ணைச் சொருகினார், மெல்லிசு, பிளேடு மாதிரி. அதுக்கு மேல ரூபாய்க் காசை விட சின்னதா ஒரு பல்சக்கரம், கையால சுத்தறது. ஒரு சுத்துக்கு ஒரு துளி தங்கத் தூள் விழும், அதைக் கூட கீழ ஒரு காகிதத்துல பிடிச்சு மடிச்சு என்கிட்டயே குடுத்தார். வெட்டு விழுந்த இடம் உள்பக்கம் செதுக்கியிருந்த என் வீட்டுக்காரர் பேரோட முதல் எழுத்து மேல. பதினோரு வருஷமா அந்த வளைஞ்ச மோதிரமும் காகித மடிப்பும் பீரோவுல கிடந்தது.

போன வாரம் எடுத்துட்டு போனேன், இப்ப பெரியவரோட மகன் உக்காந்திருக்கார். நடுவுல ஒரு துண்டு வெச்சு சேத்துடலாம்னு சொல்லி அளவு வளையம் போட்டுப் பாத்தார், 16. நான் சொன்னேன், இது சாயங்கால அளவு தம்பி, காலைல வீங்கும், காலைல வந்து அளவு குடுக்கணும்னு. கடை பதினோரு மணிக்கு தான் ஆன்ட்டி திறப்போம்ங்கிறார். பதினோரு மணிக்கு என் விரல் வடிஞ்சிடும், அப்புறம் எங்க அளவு எடுக்கறது? கடைசியில அளவு வளையக் கொத்தையே குடுத்து அனுப்பிட்டார், நாளைக்கு காலைல ஆறு மணிக்கு வீட்ல போட்டுப் பாத்து நம்பரை வாட்ஸப் பண்ணணும்.